புதுக் கம்ப்யூட்டரில் ஓடாத 4கே டிஸ்க்

அமெரிக்காவில் இருக்கும் அக்கா 2025 மே மாதம் ஊருக்கு வந்தபோது அப்பாவுக்கு மூன்று 4கே புளூரே டிஸ்க் வாங்கி வந்தாள். அப்பா மதுரையில் முப்பது வருடத்துக்கு மேல் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவர். கார்பன் எரித்துப் படம் ஓட்டிய காலத்தில் சேர்ந்தவர், டிஜிட்டல் சர்வர் வந்து நான்கு வருடம் கழித்துத்தான் கேபினை விட்டு வெளியே வந்தார். மூன்று டிஸ்கில் ஒன்று 70 எம்எம்மில் எடுக்கப்பட்ட பழைய ஆங்கிலப் படம். அதை அவர் 35 எம்எம் பிரிண்டில் ஓட்டியிருக்கிறார். "நெகட்டிவ்ல இருந்தே ஸ்கேன் எடுத்திருக்காங்களாம்ப்பா, கிரெயின் தெரியுதான்னு பாக்கணும்" என்று உறையை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தார். அதை அவருக்குப் போட்டுக் காட்ட எனக்கு ஏழு வாரம் ஆனது.

இணையத்தில் அதே படம் 4கேவில் கிடைக்கும்போது டிஸ்க் எதற்கு என்று பலர் கேட்டார்கள். இணையத்தில் வரும் 4கே படத்துக்குப் பொதுவாக நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட் வரை டேட்டா ஒதுக்குவார்கள். 100 ஜிபி டிஸ்கில் அது 128 மெகாபிட் வரை போகலாம். இருட்டான காட்சியிலும் புகை, மழை, தூசி வரும் காட்சியிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிலிம் கிரெயின் என்பது ஒவ்வொரு பிரேமிலும் மாறிக்கொண்டே இருக்கும் புள்ளிகள். டேட்டாவைக் குறைத்தால் முதலில் அடிபடுவது அதுதான். அப்பா பார்க்க நினைத்ததும் அதைத்தான்.

எனக்கு முதலில் ரீஜன் பயம் இருந்தது. ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி போடும் பூட்டுதான் ரீஜன். பெட்டியில் கூடவே இருந்த சாதாரண புளூரே டிஸ்க் அமெரிக்காவின் 'ஏ' ரீஜன். இந்தியா 'சி' ரீஜன். ஆனால் 4கே டிஸ்குக்கு ரீஜன் பூட்டே கிடையாது, எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த நாட்டிலும் ஓடும். வெளிநாட்டில் இருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால் அந்தக் கவலை வேண்டாம்.

அப்புறம்தான் உண்மையான சிக்கல் ஆரம்பித்தது. என்னிடம் இருந்தது இன்டெல் 12ஆம் தலைமுறைச் செயலி, 32 ஜிபி ராம், நல்ல கிராபிக்ஸ் கார்டு எல்லாம் போட்டு ஒரு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். 4கே வீடியோவை எடிட் செய்யவே பயன்படுத்துகிறேன். பழைய புளூரே டிரைவில் டிஸ்கைப் போட்டால், கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு டிஸ்க் இல்லை என்றது. இந்த டிஸ்குகள் 66 ஜிபி, 100 ஜிபி அளவிலும் வருகின்றன, 100 ஜிபி என்றால் மூன்று அடுக்கு. அதைப் படிப்பதற்கென்றே வரும் டிரைவ் வேண்டும். யுஎஸ்பியில் மாட்டும் ஒன்றை வரவழைத்தேன். டிஸ்க் திறந்தது, உள்ளே ஃபோல்டர்கள் தெரிந்தன, அறுபது ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாகப் படமும் இருந்தது. இலவச பிளேயரில் அதைத் திறக்க முடியவில்லை. பூட்டியிருக்கிறது.

சரி, உரிமம் பெற்ற பிளேயர் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவோம் என்று வாங்கினேன். அதோடு நம் கம்ப்யூட்டர் தகுதியானதா என்று பார்க்கும் ஒரு சோதனைக் கருவியும் வந்தது. நான் அதை ஓட்டியது பணம் கட்டிய பிறகு. நீங்கள் வாங்குவதாக இருந்தால் தயவுசெய்து அந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள், அது தனியாக இலவசமாகவே கிடைக்கிறது. எனக்கு வந்த பட்டியலில் பாதிக்கு மேல் சிவப்பு. செயலி சிவப்பு, கிராபிக்ஸ் சிவப்பு, எஸ்ஜிஎக்ஸ் என்ற ஒன்று சிவப்பு.

எஸ்ஜிஎக்ஸ் என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் அதை ஆன் செய்ய வேண்டும் என்று படித்துவிட்டு இரண்டு இரவு பயாஸைத் துழாவினேன். அப்படி ஒரு வரியே இல்லை. பயாஸை அப்டேட் செய்தேன், அப்போதும் இல்லை. கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்குப் போன் செய்தால், "புது மெஷின் சார், எல்லாமே ஓடும், சாஃப்ட்வேர்லதான் பிரச்சினை" என்றார்கள். மென்பொருள்காரர்களுக்கு எழுதினால், ஆறு நாள் கழித்து உங்கள் வன்பொருள் பொருந்தாது என்று ஒரு வரி வந்தது. கடைசியில் செயலியின் விவரப் பக்கத்தில் எஸ்ஜிஎக்ஸ் என்ற வரிக்கு நேராக 'இல்லை' என்று இருந்ததைப் பார்த்தபோதுதான் தேடுவதை நிறுத்தினேன்.

நான் புரிந்துகொண்டது இதுதான். 4கே டிஸ்கின் பூட்டுக்குப் பெயர் ஏஏசிஎஸ் 2.0. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி கம்ப்யூட்டரின் நினைவகத்தில் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும் என்பது பட நிறுவனங்களின் நிபந்தனை. விண்டோஸ்கூட அதை எட்டிப் பார்க்கக் கூடாது. செயலிக்குள்ளேயே அப்படி ஒரு மறைவான அறையைக் கட்டித் தரும் வசதிதான் எஸ்ஜிஎக்ஸ். 2015இல் இன்டெல் ஆறாம் தலைமுறையில் வந்தது. 4கே டிஸ்கைக் கம்ப்யூட்டரில் முறைப்படி ஓட்டும் வழி 2017இல் ஏழாம் தலைமுறையோடு கிடைத்தது. ஏஎம்டி செயலிகளில் எஸ்ஜிஎக்ஸ் கிடையாது, அதனால் அந்த வழி அங்கே இல்லை.

ஆனால் அந்த அறையின் சுவரில் ஆய்வாளர்கள் தொடர்ந்து ஓட்டை கண்டுபிடித்தார்கள். 2018இல் ஃபோர்ஷேடோ, 2019இல் பிளண்டர்வோல்ட், 2020இல் எஸ்ஜிஆக்ஸ். 11ஆம் தலைமுறை கோர் செயலிகளில் இருந்து எஸ்ஜிஎக்ஸ் எடுக்கப்பட்டுவிட்டது. சர்வர்களுக்கான செயலிகளில் மட்டும் தொடர்கிறது. இதில் செயலி செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த வசதியைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. எனக்கு வருத்தமெல்லாம், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் ஓடுவதை ஒரே ஒரு வசதியோடு முடிச்சுப் போட்டுவிட்டு, அது போன பிறகு மாற்று வழி தராமல் விட்டதில்தான். ஏழு முதல் பத்து வரை நான்கே தலைமுறை. அதற்குப் பிறகு வந்த எவ்வளவு வேகமான செயலியானாலும் கதவு மூடியது மூடியதுதான்.

அப்பாவிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். ஆனால் அவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "கீ வரல, அவ்வளவுதானே?" என்றார். டிஜிட்டல் தியேட்டரில் படம் ஹார்டு டிஸ்கில் முன்கூட்டியே வந்துவிடும். அதைத் திறக்கும் கேடிஎம் என்ற சாவி தனியாக வரும். அந்த சர்வருக்கு மட்டும், குறித்த நாட்களுக்கு மட்டும் செல்லும். வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்குக் கூட்டம் கேட்டுக்கு வெளியே நிற்கும்போது, கீ வராமல் கேபினில் தவித்த நாட்களை அவர் சொன்னார். "ஆனா அது வாடகைப் படம்ப்பா. ஒரு வாரத்துல திருப்பி அனுப்பிடுவோம். இது உங்க அக்கா விலை குடுத்து வாங்கினது" என்றார். நான் ஒரு மாதமாக மனதில் உருட்டிக்கொண்டிருந்ததை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

பூட்டை உடைத்துப் படத்தை ஃபைலாக எடுக்கும் வழிகள் உண்டு என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. பழைய செயலி உள்ள ஒரு கம்ப்யூட்டரைத் தேடுவது என்று முடிவு செய்தேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். அலுவலகங்களில் இருந்து கழித்துக் கட்டிய எட்டாம் தலைமுறை ஐ5 பெட்டிகள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. செயலி சரியாக இருந்தால் போதாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். டிவிக்குப் படத்தை அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு பெரும்பாலான பெட்டிகளில் 1.4தான். நமக்கு வேண்டியது எச்டிஎம்ஐ 2.0, அதுவும் எச்டிசிபி 2.2 என்ற பாதுகாப்போடு. அது மதர்போர்டிலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் படம் செயலிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் வழியாகத்தான் வெளியே வரும். தனி கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இங்கே உதவவில்லை. ஒவ்வொரு போர்டின் எண்ணையும் போனில் தேடிப் பார்த்து, பதினோராவது பெட்டியில் நான் தேடியது கிடைத்தது. பதினான்காயிரம் ரூபாய். நான் பொறுமையாகத் தேடுவதைப் பார்த்த கடைப் பையன், "சார், டீ சொல்லட்டுமா?" என்று கேட்டு வாங்கித் தந்தான். அந்த நாளில் அது பெரிய ஆறுதல்.

வீட்டுக்கு வந்து பயாஸைத் திறந்தால் எஸ்ஜிஎக்ஸ் வரி இருந்தது. அதை 'எனேபிள்' என்று மாற்றி, ஒதுக்கும் நினைவகத்தை 128 எம்பி என்று வைத்தேன். விண்டோஸ் 10ஐ அப்படியே விட்டேன். விண்டோஸ் 11க்கு மாறினாலோ, எஸ்ஜிஎக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தாலோ 4கே டிஸ்க் ஓடாமல் போகலாம் என்ற எச்சரிக்கையை அதற்குள் படித்திருந்தேன். சோதனைக் கருவியை ஓட்டினேன். எல்லாம் பச்சை, ஒன்றைத் தவிர. எச்டிசிபி. டிவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருந்த பழைய ஆடியோ ரிசீவர் 2.2ஐ அறியாதது. கேபிளை நேராக டிவியில் சொருகினேன். அதுவும் பச்சையானது. முதல் முறை ஓட்ட இணைய இணைப்பும் கேட்டது.

டிரைவ், மென்பொருள், பெட்டி எல்லாவற்றையும் கூட்டினால் டிஸ்க் போடும் வகை பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டியின் விலைக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. அது 4கே டிஸ்கை எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 ப்ரோ ஓட்டாது, அதைப் பழையதாக வாங்கி ஏமாற வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் பழையதாகக் கிடைத்தால் அது ஓட்டும். தனி 4கே பிளேயர் நான் கேட்ட இரண்டு கடையிலும் இல்லை, கிடைத்தால் அதுதான் எல்லாவற்றையும் விட எளிது. கம்ப்யூட்டரில்தான் பார்ப்பேன் என்று இறங்குபவர்கள், இவ்வளவையும் படித்த பிறகு இறங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அறையை இருட்டாக்கிப் படத்தைப் போட்டோம். பத்தாவது நிமிடம் அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எழுந்து டிவிக்கு அருகில் போய், வானம் மட்டும் தெரியும் ஓர் இடத்தில் மூக்கு படும் அளவுக்கு நின்று பார்த்தார். "இருக்குப்பா" என்றார். திரும்பி வந்து உட்கார்ந்து இரண்டே முக்கால் மணி நேரம் எழவே இல்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. அதனால் இந்தப் பெட்டியை இப்போது இணையத்தில் இணைப்பதில்லை, புது டிஸ்க் கேட்டால் மட்டும் சில நிமிடம். அதன் மேல் அப்பா தன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார், கேபின் சுவரில் ஒட்டுவது போலவே, சிவப்பு மையில்: "அப்டேட் போடக் கூடாது. கேட்டாலும் போடக் கூடாது."