வலி சறுக்கும்போது இல்லை, நடக்கும்போதுதான்

பனிமலையிலிருந்து ஸ்கீ எனும் சறுக்குப் பலகையில் சறுக்கி இறங்கும்போது எனக்குக் கால் வலிப்பதில்லை என்றால் யாரும் நம்புவதில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, அந்தக் கனமான பூட்ஸோடு ஸ்கீயைத் தோளில் சுமந்துகொண்டு, மலைமேல் ஏற்றிவிடும் தொங்கு நாற்காலி லிஃப்ட் வரை நடக்கிறேனே, அங்கேதான் இடது கெண்டைக்கால் கயிறு போட்டு முறுக்குகிற மாதிரி பிடித்துக்கொள்ளும். நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். நடந்தால் திரும்ப வரும்.

தசைப்பிடிப்பு, வயசாகிறது என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டு இரண்டு வருடத்தை ஓட்டினேன். கடைசியில் ஒரு டாக்டர் கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்தார். அதைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுத்தால் 1 அல்லது கொஞ்சம் கூட வரவேண்டும், 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி குறுகியிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு 0.68. தொடையில் அடைப்பு, அதனால் கெண்டைச் சதை வேலை செய்யும்போது அதற்கு ரத்தம் போதவில்லை. (இருபது வருடம் புகைத்தவன் இதற்கு ஆச்சரியப்படக் கூடாது. இப்போது விட்டாயிற்று.)

சறுக்கும்போது விறைப்பான பூட்ஸுக்குள் கணுக்கால் அதிகம் அசைவதில்லை, பாரத்தைத் தொடைதான் தாங்குகிறது, நடையில் உந்துகிற அளவுக்குக் கெண்டைக்காலுக்கு வேலையும் இல்லை. அப்புறம் ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு சேர்லிஃப்ட் ஓய்வு. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் ரத்தம் பாதத்துக்குச் சுலபமாக இறங்கும், எனக்கு அதுதான் சுகம். காலைத் தூக்கி வை, இறுக்கமான காலுறை போடு என்று அன்பாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரையில் வரும் கோளாறுக்கான வைத்தியத்தைச் சொல்கிறார்கள். தமனி அடைப்புக்கு அது நேர் எதிர்.

எனக்குப் பயம் வலியைவிட மரத்துப்போவதில்தான். குளிரில் ரத்தக்குழாய் இன்னும் சுருங்கும், பூட்ஸின் பக்கிள் வேறு அழுத்தும், உள்ளே தோல் உரசிப் புண்ணானாலும் தெரியாது, ரத்தம் குறைந்த காலில் புண் ஆறுவதும் லேசில் நடக்காது. அதனால் லிஃப்டில் ஏறியதும் பக்கிளைத் தளர்த்துகிறேன், மதியம் பூட்ஸைக் கழற்றிப் பாதத்தை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்தாலும் சரி. சூடு தரும் பொட்டலங்களை உள்ளே வைப்பதே இல்லை, உணர்ச்சியில்லாத தோல் வெந்தாலும் தெரியாது. சும்மா இருக்கும்போதே வலித்தாலோ, பாதம் திடீரென வெளுத்துச் சில்லிட்டாலோ அன்றைக்கு ஸ்கீ கிடையாது, நேராக ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

உண்மையில் பலன் தந்தது சலிப்பூட்டும் ஒரு பயிற்சி. வலி வரும்வரை நட, நில், போனதும் திரும்ப நட. வாரத்துக்கு 3 நாள், 12 வாரம். ஆரம்பத்தில் 150 அடி வைப்பதற்குள் நிற்பேன், இப்போது 400 தாண்டுகிறது.

லிஃப்டுக்குப் போக 500 அடி வைக்கவேண்டும். போன வாரம் நண்பன் என் தோளிலிருந்த ஸ்கீயைத் தான் சுமக்க வாங்கிக்கொண்டான், நான் வாயைத் திறக்கவில்லை. போன வருடமாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.