அணைந்தது கம்ப்யூட்டர் மட்டும்தானா?

கத்திரி வெயில் தொடங்கிய வாரம். மதியம் 2 மணி இருக்கும். எக்ஸெல்லில் ஒரு கணக்கை முக்கால்வாசி முடித்திருந்தேன். திரை சட்டென்று கறுத்தது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ட்யூப்லைட் எரிந்தது. ஆக, கரண்ட் போகவில்லை. கேபினட்டின் முன்பக்க விளக்கு மட்டும் அணைந்திருந்தது. பட்டனை அழுத்தினால் உடனே கிளம்பியது. பத்து நிமிடத்தில் மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை விண்டோஸ் முழுதாக வருவதற்குள்ளேயே போய்விட்டது.

எங்கள் வீடு திருச்சி உறையூரில். கம்ப்யூட்டர் 2017-இல் அசெம்பிள் செய்தது. ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதுவரை ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொன்னேன். "வைரஸா இருக்கும், ஃபார்மட் பண்ணிடுங்க அண்ணே" என்றான். எதற்கும் ஃபார்மட்தான் மருந்து என்று நம்புகிற கட்சி அவன்.

ஃபார்மட் செய்வதற்கு முன்னால் விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்த்தேன். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் ஈவென்ட் வியூவர் வரும். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். ஒவ்வொரு தடவை அணைந்ததற்கும் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருந்தது. முறையாக நிறுத்தப்படாமல் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது என்பதை, அடுத்த முறை எழுந்த பிறகு விண்டோஸ் குறித்துவைக்கிற பதிவு அது. இறப்புச் சான்றிதழ் மாதிரி. ஆனால் காரணம் என்ற கட்டம் காலி.

முழுக்கக் காலி என்றும் சொல்ல முடியாது. டீடெய்ல்ஸ் பக்கத்தில் இரண்டு வரிகள் உண்டு. பக்செக்கோடு என்ற வரியில் 0 தவிர வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்து விழுந்திருக்கிறது என்று பொருள். பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற வரியில் எண் இருந்தால் யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அல்லது பட்டனே உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு இரண்டுமே 0. விண்டோஸுக்குச் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் கரண்ட் அறுந்திருக்கிறது. இதற்கு ஃபார்மட் செய்து என்ன பிரயோஜனம்?

அடுத்து வெப்பம். கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலீட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்து, விண்டோஸ் வருவதற்கு முன்னால் ஓடும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போனேன். சிபியு, அதாவது பிராசஸரின், வெப்பநிலை 84 டிகிரி. விண்டோஸ் இல்லை, ஒரு வேலையும் ஓடவில்லை, சும்மா நிற்கும்போதே 84. பார்த்துக்கொண்டிருக்கையிலேயே 91 ஆனது. இந்த பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் எரிந்து போகாமல் இருக்க அப்படியே அணைத்துவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மிச்சமிருக்கிற மின்சாரம் போவதற்காகப் பவர் பட்டனை ஒரு முறை அழுத்தி, பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன். பிராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசு தலையணைப் பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு புளோயரால் ஊதினேன். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங்குக்கு ஆகாது. அப்போதுதான் விரலில் தட்டுப்பட்டது: ஃபேன் ஒரு பக்கம் ஆடியது. ஹீட்சிங்கும் ஃபேனும் சேர்ந்த இந்த வகை கூலர் நான்கு பிளாஸ்டிக் கால்களால் மதர்போர்டில் மாட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு கால் துளையை விட்டு மேலே வந்து சாய்ந்து நின்றதால் கூலர் பிராசஸரோடு சரியாக ஒட்டவில்லை. தூசு பாதிக் குற்றவாளி. மீதிப் பாதி இந்தக் கால். அதைச் சரியாக்காமல் தூசு மட்டும் தட்டியிருந்தால் ஒரு வாரம் ஓடியிருக்குமோ என்னவோ.

கூலரைக் கழற்றினால் அடியில், பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்துவதற்காகப் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துவிட்டு, 150 ரூபாய்க்கு வாங்கிய பேஸ்ட்டில் ஒரு பட்டாணி அளவு வைத்து, நான்கு கால்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். ஒவ்வொன்றும் டக் என்று உட்கார்ந்தது. பயாஸில் இப்போது 46. வீடியோ கால் ஓடும்போதுகூட 70-ஐத் தாண்டவில்லை. மெக்கானிக் செலவு மிச்சம் என்று அன்று ராத்திரி வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம் 6 மணி சுமாருக்கு மறுபடி அணைந்தது.

உடனே பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். 49 டிகிரி. ஈவென்ட் வியூவரில் அதே 41, அதே இரண்டு 0. முன்பு வந்த அதே முகம்; ஆனால் வெப்பம் இல்லை. அப்படியானால் எஸ்எம்பிஎஸ்தான், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிதான், என்று முடிவு கட்டினேன். 12 வோல்ட் வரவேண்டிய அதன் மஞ்சள் வயரில் மல்டிமீட்டரை வைத்தால் 12.08 வோல்ட். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருந்தால் சரி என்று கணக்கு. ஆனால் ஒரு கணம் சரிந்து எழுவதை மீட்டர் காட்டாது அல்லவா? இப்படி எனக்கு நானே வாதாடி, 2,100 ரூபாய்க்குப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினேன். மறுநாள் சாயங்காலம் அணைந்தது. ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் அணைந்தது.

தோல்வியை ஒப்புக்கொண்டு கேபினட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே மூன்று நாள் காலை முதல் இரவு வரை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள், ஒரு தடவைகூட அணையவில்லை. பல் டாக்டர் வாசலில் பல்வலி நின்றுபோவது மாதிரி. "மதர்போர்டாத்தான் சார் இருக்கும், பழசு வேற. பிராசஸரோட சேர்த்து மாத்திடலாம், 14,000 ஆகும்" என்றார்கள். பார்த்த கூலி 300 கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று சாயங்காலம் 6.10-க்கு அணைந்தது.

கடையில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை என்றால் கோளாறு வீட்டில் இருக்கிறது. இது அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். கடையில் ஏசி இருக்கிறது, அதனால்தான் அங்கே ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மகளின் பழைய நோட்டு ஒன்றை மேசையில் வைத்து, அணைகிற நேரத்தை எழுதத் தொடங்கினேன். 6.04. 5.58. 6.11. ஒரு நாள் அணையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலை 7.20.

நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்.

"அது அணையுறப்ப ஒரு பேரு வருதே, அது எதுக்குப்பா?"

"எந்தப் பேரும்மா?"

"டிவி போட்டா முதல்ல கம்பெனிப் பேரு வருமே, அது மாதிரி. இதுலயும் அது வந்துட்டு அப்புறம்தான் கறுப்பாகுது."

கம்ப்யூட்டர் அணைந்ததும் நான் குனிந்து கேபினட்டைத்தான் பார்ப்பேன். மானிட்டரைப் பார்த்தது அம்மாதான். மானிட்டரில் கம்பெனிப் பெயர் எப்போது வரும்? அதற்கே கரண்ட் போய்த் திரும்பி வந்தால்தான். முதல் வாரம், வெப்பத்தில் அணைந்தபோதெல்லாம், மானிட்டர் உயிரோடு இருந்து 'நோ சிக்னல்' என்று காட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரோடு சேர்ந்து மானிட்டரும் அணைந்து எழுகிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மேசைக்கு அடியில் இருக்கிற யுபிஎஸ். அதைக் கடைக்கு நான் எடுத்துப் போகவே இல்லை.

இன்னொன்றும் அப்போதே புரிந்தது. சாயங்காலம் 6 மணிக்கு விளக்கேற்றுவதற்கு முன் அம்மா தண்ணீர் மோட்டார் போடுவார். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்ததால் காலையிலேயே போட்டிருந்தார். அணையாத அந்த ஒரு நாள், டேங்க் நிறைந்திருந்ததால் மோட்டாரே போடவில்லை.

மோட்டார் கிளம்புகிற நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு வோல்டேஜ் அப்போது சரியும். ட்யூப்லைட் ஒரு தடவை மங்குவது அதனால்தான். மல்டிமீட்டரைப் பிளக்கில் வைத்துக்கொண்டு அம்மாவை மோட்டார் போடச் சொன்னேன். 212-இல் இருந்தது ஒரு கணம் 168-க்கு இறங்கி ஏறியது. இந்த மாதிரிச் சரிவில் யுபிஎஸ் தானாக பேட்டரிக்கு மாறிக் காப்பாற்ற வேண்டும். அதற்காகத்தானே வாங்குகிறோம்? பேட்டரி செத்திருந்தால் நடப்பது நேர்மாறு. யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் செருகியிருந்தால்கூட அந்த ஒரு நொடியை எஸ்எம்பிஎஸ் தாங்கியிருக்கக் கூடும். நடுவில் நின்ற யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவி, அங்கே ஒன்றும் இல்லாமல் மொத்தத்தையும் கைவிட்டது. கரண்ட் சரியானதும் ஒன்றும் தெரியாதது போலப் பச்சை விளக்கோடு மறுபடி எழுந்து நின்றது.

சோதித்துப் பார்க்கக் கம்ப்யூட்டரை வைத்து விளையாட மனமில்லை. யுபிஎஸ்ஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டி, சுவர் சுவிட்சை அணைத்தேன். பல்பு இரண்டு நொடி மஞ்சளாக எரிந்து போயே போய்விட்டது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதை முதலில் செய்யாமல் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 2,100 ரூபாய் அழுதிருக்கிறேன். சில மாதங்களுக்கு முன் அது ராத்திரியில் அவ்வப்போது கீச் கீச் என்று கத்தியது. லோ வோல்டேஜ் என்று நினைத்து விட்டுவிட்டேன். கரண்ட் கட் ஆனபோதெல்லாம் கம்ப்யூட்டரும் அணைந்தது; வீடே இருட்டாகும்போது அதை யார் தனியாகக் கவனிப்பது?

அடிமூடியைத் திறந்து பேட்டரியை எடுத்தேன். 12 வோல்ட், 7 ஏஎச், யுபிஎஸ்ஸோடு வந்த அதே பேட்டரி. மீட்டரில் 12.4 காட்டியது, நல்ல பேட்டரி மாதிரியே. பேட்டரிக் கடைக்காரர் சிரித்தார். ஒரு பைக் ஹெட்லைட் பல்பை அதன் இரண்டு முனையிலும் வைத்தார், மீட்டர் 12.4-இலிருந்து மளமளவென்று 8-க்கு வந்தது. "சும்மா இருக்கும்போது எல்லாரும் பலசாலிதான் தம்பி, மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பாக்கணும்" என்றார். பழைய பேட்டரியை அவரே எடுத்துக்கொண்டு, அதற்குக் கழித்தது போகப் புதுசுக்கு 950 ரூபாய் வாங்கினார். வீட்டில் சிவப்பு வயர் சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் என்று இரண்டு தடவை பார்த்து மாட்டி, ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறவிட்டேன். காலையில் குண்டு பல்பு சோதனை: சுவிட்சை அணைத்தும் பல்பு அசையவில்லை.

எலக்ட்ரீஷியனையும் ஒரு நடை வரச் சொன்னேன். மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் வலு இழந்திருக்கிறது, அதனால்தான் கிளம்ப முக்குகிறது என்று மாற்றிக் கொடுத்தார். இப்போது வோல்டேஜ் 190-க்குக் கீழே இறங்குவதில்லை. நல்லாயிருந்த பழைய எஸ்எம்பிஎஸ் பரணில் இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சும்மாவே தருவேன்.

அன்று சாயங்காலம் எக்ஸெல்லைத் திறந்து, ஒரு தடவைக்கு இரண்டு தடவை சேவ் செய்துவிட்டு, "மோட்டார் போடும்மா" என்று குரல் கொடுத்தேன். ட்யூப்லைட் லேசாகக் கண் சிமிட்டியது. மேசைக்கு அடியில் யுபிஎஸ் டக் என்றது, ஒரு கீச், மறுபடி டக். கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.

"அணைஞ்சுதா?" என்றார் அம்மா கொல்லையிலிருந்து.

"இல்லம்மா."

"அப்ப டேங்க் நிறையட்டுமா, நிறுத்தவா?"