தண்ணி ஊத்த வேண்டாத காரு

ஞாயிற்றுக்கிழமை மூணு மணி இருக்கும். களம் நிறையத் தேங்காய்ப் பருப்பு காய்கிறது. தாராபுரம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. நானும் களத்து ஆளும் படுதாவின் இரண்டு முனைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நேரம் பார்த்து ஸ்டுட்கார்ட்டிலிருந்து தங்கச்சி மாப்பிள்ளை வீடியோ கால். காங்கேயத்தில் எப்போது மழை வரும் என்று வானிலைக்காரர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, இந்த மனிதருக்குத் தெரியும். மூணு வருடமாகப் பார்க்கிறேன், இவர் கூப்பிட்டால் தூறல் நிச்சயம்.

"மச்சான், ஒண்ணு கேக்கோணும். உங்க தங்கச்சி உள்ளே தோசை ஊத்திட்டிருக்கா. மெதுவாப் பேசுங்க."

மெதுவாப் பேசுங்க என்றதும் கடன்தான் கேட்கப் போகிறார் என்று நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிட்டது. கடன் இல்லை. போர்ஷே. 911 டர்போ, 1986 மாடல், உள்பெயர் 930. பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் விற்கிறாராம். விலை ஒரு லட்சத்துக்கு மேல். யூரோ. "வாங்கலாமா வேண்டாமா, நீங்கதான் சொல்லோணும்."

என்னை எதற்குக் கேட்கிறார் என்று நினைப்பீர்கள். சின்னத் தாத்தா பேத்தி கல்யாணத்தில் பெண்ணை ஏற்றி வந்த அம்பாசடர், ஊத்துக்குளி ரோட்டில் ரேடியேட்டர் ஒழுகி நின்றபோது, சீர்த்தட்டில் இருந்த மஞ்சள்தூளை எடுத்து உள்ளே கொட்டி ஒழுக்கை அடைத்தவன் நான். அன்றிலிருந்து எங்கள் வகையறாவில் யார் கார் வாங்கினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் இந்தக் காரில் ரேடியேட்டரே கிடையாது. என் மொத்த வித்தையும் செல்லாத இடம்.

ஆனால் மனசு கேட்குமா? பாலிடெக்னிக் ஹாஸ்டலில் என் டிரங்குப் பெட்டி மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்தது இதே வண்டிதான். ரூம்மேட்டுகள் நடிகை படம் ஒட்டியிருந்தார்கள். நான் பின்பக்கம் அகன்ற இந்தக் காரை ஒட்டியிருந்தேன். படுதாவை விட்டுவிட்டேன். விட்டது ஒரு நிமிடம்தான் என்று நான் சொல்வேன். வீட்டுக்காரி அரை மணி நேரம் என்பாள்.

எங்கள் வீட்டில் வீடியோ காலுக்கு ரகசியம் ஏது? திண்ணையில் கயிற்றுக்கட்டிலில் இருந்த அப்பாரு (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), தேங்காய்க் கணக்குப் பார்க்க வந்த மாமா, ரொட்டவேட்டர் சரி செய்ய வந்த மெக்கானிக், அம்மா, வீட்டுக்காரி என்று எல்லாரும் போனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அம்மா மாப்பிள்ளை முகத்தைக் கிட்டே பார்க்கிறேன் என்று போனை வாங்கி எதையோ அழுத்த, பெருந்துறையிலிருந்து தங்கச்சி மாமியாரும் திரையில் ஒரு ஓரமாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பாரு முதலில் கேட்டது, "ரேடியேட்டர் இல்லீன்னா தண்ணி எங்கடா ஊத்தறது?"

"தண்ணியே வேண்டாங்க அப்பாரு. ஆறு சிலிண்டரும் படுத்தவாக்குல பக்கத்துக்கு மூணா இருக்கும். பின்னாடி ஒரு பெரிய ஃபேன் காத்தை அடிச்சு ஆத்தும். தொண்ணூறுகள் கடைசி வரைக்கும் இந்த 911 எல்லாமே அப்படித்தான். அதுக்கு அப்புறம்தான் தண்ணிக்கு மாறுனாங்க."

அப்பாரு கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்தார். எங்கள் காட்டில் மொத்தம் ஏழு போர்வெல். கடைசியாகப் போட்டது 1100 அடி. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டி ராத்திரி முழுக்க அடித்துவிட்டு, விடியக்காலை வேப்பமரத்தையே வெள்ளையடித்தது போலப் புழுதியைக் கொட்டிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போனது. ஏழிலும் சேர்த்து இன்றைக்கு வருவது ஒரு தென்னைக்குக் காணாது.

"தண்ணி கேக்காதா? அப்ப வாங்கச் சொல்லு."

ஒரு ஓட்டு விழுந்தது. ஆனால் மாமா விடுவாரா?

"இருங்க, இருங்க. இன்ஜின் எங்க இருக்குது?"

"பின்னாடிங்க மாமா."

"காத்துல ஆறுது. எத்தனை கியரு?"

"நாலு. 1989ல, கடைசி வருசம்தான் அஞ்சாவது கியர் குடுத்தாங்க."

"பின்னாடி இன்ஜின், காத்துல ஆறுது, நாலு கியரு. இது ஆட்டோடா. ஒரு சக்கரம் சேத்துப் போட்டு ஒரு கோடிக்கு விக்கறான்."

முந்நூறு குதிரைத்திறன் உள்ள ஆட்டோ எந்த ஸ்டாண்டில் நிற்கிறது என்று கேட்க வாய் வந்தது. தேங்காய்க் கணக்கு இன்னும் முடியவில்லை. அடக்கிக்கொண்டேன்.

மெக்கானிக் அண்ணனுக்கு ஆயில்தான் கவலை. பத்து லிட்டருக்கு மேல் பிடிக்கும் என்றதும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "என்ற டிராக்டரே ஏழு, எட்டுதானுங்க குடிக்குது. அப்புறம் ஆயில் எப்படிப் பாக்கறது?" சமமான தரையில் நிறுத்தி, இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை அங்கிருந்து சொன்னார். மெக்கானிக் அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அவர் பட்டறையில் இன்ஜின் ஓடும்போது குச்சியைப் பிடுங்கிய பையனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்.

டர்போவை விளக்குவதுதான் பெரும்பாடு என்று நினைத்தேன். அதுதான் சுலபமாக முடிந்தது. புகைபோகிற வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றி, அது இன்னொரு சக்கரத்தைச் சுற்றிக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். ஆனால் மிதித்தவுடனே எதுவும் நடக்காது என்று ஆரம்பித்தேன். அப்பாருவே முடித்துவிட்டார்.

"நம்ம கம்ப்ரசர் மோட்டார் மாதிரி. சுச்சு போட்டா மொதல்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு வெறுங்காத்து. இன்னிக்கு வராதுன்னு குடத்தை எடுக்கப் போனா, திடீர்னு குபுக்குன்னு வந்து ஆளையே தள்ளும்."

இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. 1974ல் பாரிஸ் கண்காட்சியில் மூணு லிட்டர் இன்ஜினோடு கொண்டுவந்து வைத்ததிலிருந்து இந்த வண்டியை ஓட்டிப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரும் இதைத்தான் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரு கம்ப்ரசர் மோட்டாரும் ஒரு குடமும் இருந்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

அப்புறம் பின்னால் தட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே அது என்ன என்று வீட்டுக்காரி கேட்டாள். 1978ல் இன்ஜினை 3.3 லிட்டர் ஆக்கியபோது, அமுக்கிச் சூடான காற்றை ஆற்ற ஒரு இன்டர்கூலர் வைத்தார்கள், அதற்கு இடம் வேண்டித்தான் ஓரம் தூக்கிய அந்தத் தட்டு, வெள்ளைக்காரர்களே அதை டீ ட்ரே என்றுதான் சொல்வார்கள் என்றேன். "ஓரம் இருக்குதா? அப்ப நாலு கிலோ பருப்பு தாராளமாக் காயப் போடலாம்" என்றாள். பருப்பு என்றதும் களம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மாமாவும் கொஞ்சம் இளகி வந்தார். ஜெர்மனியில் முப்பது வருடம் தாண்டி, வண்டி பழைய அமைப்பிலேயே நல்லபடியாக இருந்தால் நம்பரின் கடைசியில் எச் என்று ஒரு எழுத்து கொடுப்பார்கள், வருட வரி மொத்தமே 191 யூரோ சொச்சம் என்று மாப்பிள்ளை சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பழசானா சலுகையா? நம்மூர்ல பதினஞ்சு வருசம் ஆனா பசுமை வரின்னு புடுங்கறான். மாப்ள, வாங்கிப் போடுங்க." மனிதருக்குக் காரைவிட வரி மீதுதான் காதல்.

இந்த இடத்தில் நான் போனை வைத்திருக்க வேண்டும்.

நானோ, நிபுணன் என்றால் குறையும் சொல்ல வேண்டுமே என்று, ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை என்று ஆரம்பித்தேன். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வேகமாக ஒரு வளைவில் போய், பயந்து ஆக்ஸிலேட்டரில் இருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். அப்பாரு தலையாட்டினார், "பாதி வளைவுல மாட்டுக் கவுத்தைத் தளர்த்தக்கூடாது." அத்தோடு விட்டேனா? அதனால் இந்த வண்டிக்கு ஊர் உலகமெல்லாம் ஒரு பட்டப்பெயர் உண்டு, விடோமேக்கர் என்பார்கள் என்றேன்.

"அப்படின்னா?" என்றார் அம்மா.

வாய் இருக்கிறதே. "தாலியறுப்பான்."

திரையின் ஓரத்தில் அதுவரை கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்த பெருந்துறை அத்தை எழுந்து நின்றார். முகம் போய்ச் சேலை மட்டும் தெரிந்தது. "யாரு தாலியை?" என்று ஒரு குரல். எனக்குத் தெரிந்து ஈரோடு வரை கேட்டிருக்கும். அம்மா போனைப் பார்த்து மூன்று முறை துப்பினார். என் போன். அதற்குள் ஸ்டுட்கார்ட்டில் தோசைக்கரண்டியோடு தங்கச்சி திரைக்குள் வந்தாள். "எந்த வண்டி? என்ன வெலை?" மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் இனி என் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சாக்லேட் வராது என்று எழுதியிருந்தது. "ரெண்டு புள்ளைகளை வெச்சுட்டு..." என்று அவள் ஆரம்பிக்க, பின்னால் இரண்டு சின்ன சீட்டு உண்டு, குழந்தைகளுக்குச் சரியாக இருக்கும் என்று நான் உதவிக்குப் போனேன். அத்தோடு லைன் கட்.

அத்தை தனியாக அழைத்து மிளகாய், உப்பு சுற்றிப் போட வேண்டும் என்றார். மகன் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் இருப்பதால் எதைச் சுற்றுவது என்று குழப்பம். போட்டோவைச் சுற்றினார்களாம்.

மழை எப்போது வந்தது என்று கேட்காதீர்கள். களத்தில் கால்வாசிப் பருப்பு நனைந்துவிட்டது. ஒரு லட்சம் யூரோ கார் எனக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவு வைத்துவிட்டது, நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரி அந்தக் கணக்கை நாட்காட்டியில் "போர்சு" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாரு கூப்பிட்டார்.

"அந்தக் காரை நம்மூருக்குக் கொண்டாந்தா?"

முடியாது என்றேன். பழைய காரென்றால் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் வேறு இடது பக்கம், சுங்கம் கட்டினால் இன்னொரு காடு விற்க வேண்டும். ஐம்பது வயதானால் விண்டேஜ் என்று தனி மரியாதை, ஆனால் இதற்கு 2036 ஆக வேண்டும். அப்பாரு விரல் விட்டு எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

"விக்கறவன் ஏன் விக்கறான்?"

"எழுபத்து நாலு வயசாம். முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியலைன்னு சொன்னாராம்."

அப்பாரு பேசவில்லை. திண்ணைச் சுவரில் ஒரு ரேக்ளா பந்தயப் படம் மாட்டியிருக்கிறது, மயிலைக் காளை ஜோடி, அப்பாரு மீசையோடு. 1983 வறட்சியில் அந்த ஜோடியை விற்ற காசில்தான் முதல் போர் போட்டது. அதிலும் புழுதிதான்.

"மாப்ளகிட்டச் சொல்லு. வாங்குனாலும் வாங்காட்டியும் அந்த ஆளு மூஞ்சியைப் பாத்துப் பேசச் சொல்லு. ரொம்பக் கொறச்சுக் கேக்க வேண்டாம்னு சொல்லு."

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸ்அப். சண்டை ஓய்ந்ததா, கழிவறையில் ஒளிந்துகொண்டு அனுப்பினாரா தெரியாது. வண்டியை ஸ்டார்ட் பண்ணி எடுத்த முப்பது வினாடி சத்தம் மட்டும். அப்பாரு போனை வாங்கி, நல்லபடியாகக் கேட்கிற வலது காதில் வைத்துக்கொண்டார். முப்பது வருடம் ஆயில் இன்ஜின் ஓட்டியவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"டேப்பட் அடிக்குது. ஒரு ரெண்டாயிரம் மட்டும் கொறச்சுக் கேக்கச் சொல்லு."

"ரூபாயா, யூரோவாங்க?"

"எதுலயோ ஒண்ணுல."

மறுபடி போடச் சொன்னார். போட்டேன். அப்புறம் எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவரே போட்டுக்கொண்டார். நனைந்த பருப்புக்கு என்ன விலை தருவார் என்று நான் எண்ணெய் மில்காரருக்குப் போன் செய்ய வேண்டும். சார்ஜ் பதினோரு சதவீதம்தான் இருந்தது. நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். திண்ணையில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.