எந்த வரியில் நின்றது?

பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணக்கில் நான் வாங்கியது 28. விடைத்தாளை நீட்டி, "எனக்குக் கணக்கு வராது அம்மா" என்றேன்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. அம்மா அப்போது கொழுந்து ரசீதுகளைப் பரப்பி வைத்திருந்தார். மழை நாளில் ஈரக் கொழுந்து என்று வாங்குபவர்கள் எடையில் கழிப்பார்கள். அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர்தான். ஆனால் கணக்கு தப்பு என்று பொத்தாம்பொதுவாகச் சண்டை பிடிக்க மாட்டார். "செவ்வாய்க்கிழமை 34 கிலோ, ஈரத்துக்கு 3 போனால் 31. இங்கே 29 இருக்கிறது" என்று அந்த ஒரு வரியில் விரலை வைப்பார். என்னிடமும் அதையே கேட்டார்: "எந்த வரியில் நின்றாய்?"

பதில் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. முக்கோணவியலில் படம் சரி, tan 30° மதிப்பும் சரி. 30-ஐ √3-ஆல் வகுக்கும் இடத்தில் நின்றிருந்தேன். இயற்கணிதத்தில் அடைப்புக்குறியை நீக்கும்போது கழித்தல் குறி மாறவில்லை. பிறகு பின்னக் கூட்டல். மூன்றுமே கீழ்வகுப்புப் பாடங்கள். பத்தாவது படித்துக்கொண்டு எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைத் திறக்க வெட்கமாக இருந்தது. தயங்காமல் திறந்துவிடுங்கள், எனக்கு இரண்டு வாரம்தான் தேவைப்பட்டது.

இருந்தும் தேர்வு என்றால் கை நடுங்கியது. கணக்குப் போடும்போது இடைவிடைகளை மனம் பிடித்து வைத்திருக்க வேண்டும். பயம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ராமிரெஸ், பைலாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் சயின்ஸ் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய பதற்றமான மாணவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். நானும் அரையாண்டுத் தேர்வன்று பஸ்ஸில் எழுதினேன். "தோற்றால் எல்லோரும் சிரிப்பார்கள்" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. தாளில் பார்த்தபோது அது சின்னதாகத் தெரிந்தது.

வடிவியலும் வரைபடமும் தலா 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டிய 35-இல் 16 அங்கேயே கிடைத்துவிடும். தினமும் ஒன்று வரைந்து பழகுங்கள். பொதுத்தேர்வில் நான் அவற்றைத்தான் முதலில் எடுத்தேன். மலைக் குளிரில் விறைத்த விரல்கள், கவராயத்தைச் சுழற்றச் சுழற்ற இளகின. மனமும் கூடவே இளகியது. ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்குக்கும் அதன் பிறகே போனேன்.

வீடு திரும்பியதும் அம்மா அதே கேள்வியைக் கேட்டார். "நாற்பத்திரண்டாவது கேள்வி, கடைசிக்கு முந்திய வரி" என்றேன்.