கேள்வி கேட்கிற வேலை எனக்கு

ஜனவரி 5

பள்ளி திறந்து, பத்தாம் வகுப்பு படிக்கும் மகளின் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களும் கைக்கு வந்துவிட்டன. தமிழும் ஆங்கிலமும் பரவாயில்லை. கணிதம் 51, அறிவியல் 48. பொதுத்தேர்வு மார்ச் 28இல் தொடங்குகிறது.

கோத்தகிரி டவுனில் டியூஷன் சேர்க்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. வகுப்பு முடிய இருட்டிவிடும். ஸ்டாப்பில் இறங்கித் தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து வர வேண்டும். அந்த நேரத்துக்குக் கரடி இறங்கும், பாதையிலேயே காட்டுமாடு நிற்கும். தினமும் யாராவது போய்க் கூட்டி வருவது நடக்கிற காரியம் இல்லை. வேண்டாம் என்று முடிவாயிற்று.

நான் பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவள். முக்கோணவியலும் வேதிச் சமன்பாடும் என்னால் சொல்லித்தர முடியாது. ஆனால் கேள்வி கேட்க முடியும். புத்தகம் என் கையில் இருக்கும், பதிலை அவள் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம். அவளும் சரி என்றாள்.

ஜனவரி 9

பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடிய பிறகுதான் எது தெரியும், எது கண்ணுக்குப் பழகியது மட்டும் என்பது புரிகிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, அதனால் எங்களுக்கு இரண்டாவது வழிதான்.

இன்று நிலைமம். "மேட்டுப்பாளையம் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது நாம ஏன் கண்ணு ஒரு பக்கமாச் சாயறோம்?" என்று கேட்டேன். "திசையில் நிலைமம்" என்று பட்டென்று வந்தது. "அப்படின்னா?" என்றேன். அங்கே நின்றுவிட்டாள். பெயர் தெரிகிறது, விளக்கம் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து, உடம்பு நேராகப் போகவே பார்க்கிறது, பஸ் மட்டும் திரும்புகிறது என்று அவளே கொண்டு வந்தாள். எனக்குப் பாடம் தெரியாததால்தான் இப்படிக் கேட்க முடிகிறது. தெரிந்திருந்தால் அவள் நின்ற இடத்தில் நானே சொல்லி முடித்திருப்பேன்.

பதில் வராதபோது நான் பத்து எண்ணும் வரை பேசுவதில்லை. முதல் எழுத்தை எடுத்துக் கொடுக்க மனம் துடிக்கிறது, ஆனாலும் பேசுவதில்லை.

ஜனவரி 15

பொங்கல். புத்தகம் எடுக்கவில்லை. வந்த சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் வாசலிலேயே, மார்க் பற்றி மட்டும் கேட்காதீங்க என்று சொல்லிவிட்டேன். ஒருவருக்கும் வருத்தமில்லை.

ஜனவரி 19

கடும் குளிர். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாய்க் கிடக்கிறதாம். எங்கள் பள்ளத்துத் தேயிலையும் கருகியிருக்கிறது. அவள் படிக்கிற அறையில் கரி அடுப்பு வைக்கட்டுமா என்று அத்தை கேட்டார். கூடவே கூடாது என்று சொன்னேன்.

மலையில் பிள்ளை வைத்திருக்கும் எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். குளிருக்காகச் சன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு கரி மூட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலியும் தூக்கமும் வரும். படிக்கிற பிள்ளைக்குத் தலை வலித்தால் படித்த களைப்பு என்றுதான் நினைப்போம். அங்கேதான் ஆபத்து. அப்படியே தூங்கிப் போய் எழுந்திருக்காதவர்களைப் பற்றி இந்த மலையில் கேள்விப்படாதவர் இல்லை. அவளுக்கு உல்லன் சாக்ஸ், மடியில் கம்பளி, வெந்நீர்ப் பை. அது போதாத இரவில் சமையலறையிலேயே உட்கார்ந்து படிக்கட்டும். அங்கே புகைபோக்கி இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

ஜனவரி 28

முதல் திருப்புதல் தேர்வுத் தாள்கள். மொத்த மதிப்பெண்ணைப் பற்றி இன்று பேசவே இல்லை. கிடைக்காமல் போன மதிப்பெண்ணை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன்: தெரியாமல் போனது, தெரிந்தும் நினைவுக்கு வராதது, அவசரத்தில் போனது. கணிதத்தில் மூன்றாவது வகைதான் அதிகம். செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண். கை பழகினால் அப்படியே கிடைக்கக்கூடியவை. அதிலேயே 7 போயிருக்கிறது: அளவுத்திட்டம் எழுதவில்லை, உதவிப்படம் போடவில்லை. இனி பள்ளியிலிருந்து வந்ததும் தினம் ஒரு படம் வரைவதாக அவளே சொன்னாள். நான் சொல்லியிருந்தால் இரண்டு நாள் நடந்திருக்கும்.

நினைவுக்கு வராத வகைக்கு வேறு ஏற்பாடு. தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை அத்தை எண்ணெய் துடைக்கச் சேர்த்து வைப்பார். அவற்றின் பின்பக்கத்தில் ஒரு தாளுக்கு ஒரு கேள்வி எழுதுகிறாள். சரியாகச் சொன்ன தாள் மூன்று நாள் கழித்து வரும், அப்போதும் சரியென்றால் ஒரு வாரம் கழித்து. தவறினால் மறுநாளே. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறக்கத் தொடங்கும்போது மறுபடி தொட்டால் நிற்கிறது. ஒரே நாளில் ஐந்து தரம் படிப்பதைவிட ஐந்து வேறு நாளில் ஒவ்வொரு தரம் படிப்பது மேல்.

பிப்ரவரி 4

பச்சைத் தேயிலை விலை பற்றி என் கணவருக்கும் கொழுந்து வாங்க வருகிறவருக்கும் வாசலில் வாக்குவாதம். உள்ளே வந்த இவர், "நீ படிச்சாத்தான் சாமி இந்த இலையை விட்டு நாம வெளிய வர முடியும்" என்று அவளிடம் சொன்னார். அன்பில் சொன்னதுதான். அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

இரவில் அவரிடம் பேசினேன். குடும்பத்தின் கடனையும் வருங்காலத்தையும் பதினைந்து வயதுப் பிள்ளையின் விடைத்தாளில் ஏற்றி வைத்தால் கை எப்படி எழுதும்? அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், சரி, பணப் பேச்சு இனிமேல் வெளித் திண்ணையில் என்றார்.

அவளிடம் "பயப்படாதே" என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லால் யாருடைய பயமும் போனதில்லை. உள்ள நிலவரத்தைச் சொன்னேன். பாடத்துக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. அறிவியலில் செய்முறைக்கு 25 தனியாக இருக்கிறது. ஒரு பாடம் போனாலும் கொஞ்ச நாளில் துணைத்தேர்வு உண்டு, அந்த ஆண்டே பிளஸ் ஒன் சேரலாம். பாலிடெக்னிக் இருக்கிறது, ஐடிஐ இருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டே ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். அப்புறம் தோசை கேட்டாள்.

பிப்ரவரி 11

போன். பள்ளி வாட்ஸ்அப் குழுவில்தான் மாதிரி வினாத்தாள் வருகிறது, அடியோடு பிடுங்க முடியாது. ஏழு மணிக்கு எடுத்து வேண்டியதை இறக்கிக்கொள்வது, அப்புறம் அத்தையின் அலமாரிக்குப் போய்விடும். என் போனும் அங்கேதான் போகிறது. இல்லாவிட்டால் இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

பிப்ரவரி 20

பக்கத்து வீட்டுப் பையன் நாலு மணிக்கு எழுகிறானாம், இவளையும் எழுப்பு என்கிறார் அத்தை. நான் எழுப்பப் போவதில்லை. 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் சொல்லும் அளவு. இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. பத்து மணி வரை தூக்கம் வராதது சோம்பலோ திமிரோ கிடையாது. பகலில் படித்தது மூளையில் ஊன்றுவதும் தூக்கத்தில்தான். பத்துக்குப் படுத்து ஆறுக்கு எழுகிறாள். "எங்க காலத்துல..." என்று அத்தை தொடங்கினார். அத்தை அந்தக் காலத்தில் எட்டு மணிக்கே படுத்துவிடுவார் என்பதை நினைவுபடுத்தினேன். ஒப்புக்கொண்டார்.

மார்ச் 3

அறிவியல் செய்முறைத் தேர்வு முடிந்தது. நன்றாகச் செய்ததாகச் சொல்கிறாள்.

மார்ச் 14

இன்று அழுதாள். "எதுவுமே ஞாபகத்துல இல்லைம்மா, எல்லாம் காலி." புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே மேல் ரோடு வரை நடந்தோம். ஜக்கராண்டா பூக்கத் தொடங்கியிருக்கிறது. அரைமணி நேரம் அவள் பேசினாள், நான் கேட்டேன். திரும்பி வந்து, ஏற்கெனவே சரியாகச் சொல்லியிருந்த தாள்களிலிருந்து மட்டும் எடுத்துக் கேட்டேன். வரிசையாகச் சொன்னாள். காலி இல்லை என்பதை நான் சொல்வதைவிட அவளே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு நாள் அழுகை வேறு. நாள் கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, யாருடனும் பேச்சு இல்லை, இருந்து என்ன பயன் என்கிற மாதிரிச் சொற்கள் வருகின்றன என்றால் அதைத் தேர்வுப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104. பிள்ளையும் பேசலாம், நாமும் பேசலாம். இரண்டு எண்ணும் எங்கள் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கின்றன.

மார்ச் 28

தமிழ். 10 மணிக்குத் தொடக்கம்: வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம், 10.15 முதல் 1.15 வரை எழுதும் நேரம். ரோட்டில் இப்போதே சுற்றுலா வண்டிகள் அதிகம், அதனால் ஒரு பஸ் முன்னதாகவே கிளம்பினோம். ஹால் டிக்கெட்டும் இரண்டு பேனாவும் ராத்திரியே பையில் வைத்தாயிற்று. காலையில் இட்லி. புதிதாக எதையும் செய்து கொடுக்கவில்லை, புதிதாக எதையும் படிக்கவும் விடவில்லை.

ஏப்ரல் 7

கணிதம் முடிந்தது. வெளியே வந்ததும் கேட்டைச் சுற்றிலும் பெற்றோர்கள் வினாத்தாளை விரித்து ஒவ்வொரு கேள்வியாகக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் அங்கேயே அழத் தொடங்கிவிட்டாள். அடுத்த தேர்வை எழுத வேண்டிய பிள்ளையிடம் முடிந்த தேர்வின் கணக்கைக் கேட்பது கொடுமை. நான் "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டேன். பஸ்ஸில் பாதி வழி வந்ததும் அவளாகவே, "ரெண்டு படமும் போட்டேன், அளவுத்திட்டமும் எழுதினேன்" என்றாள்.

சாயங்காலம் விடையை ஒப்பிட்டுப் பார்க்கத் தோழி கூப்பிட்டாள். தூங்குகிறாள், எல்லாம் முடிந்ததும் பேசட்டும் என்று சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அறிவியல். ஒளியியலும் மின்னோட்டவியலும் கேட்டு முடித்தாயிற்று. எத்தனாலுக்கும் எத்தனாயிக் அமிலத்துக்கும் வேறுபாடு சொல்வதில் இன்னும் தடுமாறுகிறாள். அந்தத் தாளை நாளை காலையில் முதலில் எடுக்க வேண்டும்.