படுக்கை, பில், லேப்: நூறு படுக்கை ஆஸ்பத்திரிக்கு டேட்டாபேஸ் வடிவமைத்த விதம்

பேஷண்ட், டாக்டர், வார்டு, லேப், பார்மசி, பில் என்று ஆறு டேபிள், நடுவே சில கோடுகள். கல்லூரி புராஜெக்டில் எல்லோரும் வரைவது இதைத்தான். ஆஸ்பத்திரியில் எதுவும் அந்த வரிசையில் நடப்பதில்லை. ஆம்புலன்ஸில் வருபவருக்குப் பெயர் தெரியாது. பில் போடுமுன் ஊசி போட்டாகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டு மாற்றியதை விடிந்த பிறகுதான் சிஸ்டத்தில் ஏற்றுவார்கள். வரிசை தப்பி வருவதற்கும் இடம் வைத்தால்தான் டேட்டாபேஸ் நிற்கும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் நாங்கள் அதைச் செய்த விதம் இது.

ஸ்கிரீன் வரைவதற்கு முன் காகிதங்களைத் திரட்டினோம்: ஓபி சீட்டு, அட்மிஷன் படிவம், நர்ஸ் சார்ட், லேப் ரிஜிஸ்டர், மருந்து இண்டென்ட், டிஸ்சார்ஜ் சம்மரி. எழுதி முடித்த பழைய தாள்கள்தான் வேண்டும், வெற்றுப் படிவம் உதவாது. அச்சடித்த கட்டத்தில் இடமில்லாமல் ஓரத்தில் பேனாவால் எழுதியிருப்பது ஒவ்வொன்றும் நீங்கள் டேபிளில் சேர்க்க வேண்டிய ஒரு காலம் (column).

பேஷண்ட் எண் அர்த்தமில்லாத வெறும் தொடர் எண்ணாக இருக்கட்டும். மொபைல் எண்ணை யூனிக் ஆக்காதீர்கள், குடும்பம் முழுவதற்கும் ஒரே எண் இருக்கும். அரசின் சுகாதார அடையாளமான 14 இலக்க ஆபா எண், காப்பீட்டு அட்டை எண் எல்லாம் தனி அடையாள டேபிளில் போகட்டும். ஒருவருக்கு ஒன்றுகூட இல்லாமலும் இருக்கலாம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற பிரிவு நம் ஊருக்கு ஒத்துவராது. பெயர், இனிஷியல், தகப்பனார் அல்லது கணவர் பெயர் என மூன்றாக வைத்தால் ‘எஸ்.முருகன்’, ‘முருகன் எஸ்’ இரண்டும் தேடலில் ஒன்றாக வரும். தமிழில் பெயர் ஏற்றினால் இன்னொரு சிக்கல். ‘கொ’ என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றே, தேடலுக்கு வேறு. சேமிக்கும் முன்பே நார்மலைஸ் செய்து, அதாவது ஒரே வடிவத்துக்கு மாற்றி, விட வேண்டும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது.

வயதை அப்படியே சேமித்தால் அடுத்த வருடமே பொய்யாகிவிடும். பிறந்த தேதியும், அது உத்தேசமா என்ற கொடியும் (ஆம்/இல்லை குறி) வேண்டும். பச்சிளங்குழந்தைக்கு மணி நேரமும் வேண்டும். பெயர் வைக்காத குழந்தைக்குத் தனி எண் கொடுத்து, தாயின் எண்ணோடு இணைத்து, பிறந்த வரிசையையும் குறித்துவிடுங்கள். இரட்டைக் குழந்தைகளின் லேப் ரிசல்ட் மாறிப்போவது இந்த ஒரு காலம் இல்லாததால்தான்.

ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழுவதை எந்த ரிசப்ஷனும் முழுதாகத் தடுக்க முடியாது. ஒன்றை அழிக்கவும் கூடாது, அந்த எண் எக்ஸ்ரே உறையிலும் ரிப்போர்ட்டிலும் அச்சாகி வீட்டுக்குப் போயிருக்கும். ‘இந்த எண்ணில் சேர்க்கப்பட்டது’ என்று ஒரு காலம் வைத்து, பழைய எண்ணில் தேடினாலும் புதியதற்குப் போகும்படி வியூ (சேமித்து வைத்த தேடல்) எழுதினோம். ஒவ்வொரு வருகைக்கும் உள்ள விசிட் டேபிளின் வரிசைகளில் (row) பழைய எண் அப்படியே இருப்பதால், தவறாகச் சேர்த்த இருவரை மறுபடி பிரிக்க முடிகிறது.

அதிக நேரம் வாங்கியது படுக்கை. படுக்கை டேபிளில் ‘காலி / நிரம்பியது’ என்று காலம் வைத்தால் இன்றைய நிலை மட்டும் தெரியும், முந்தாநாள் யார் இருந்தார் என்பது போய்விடும். அதனால் ‘தங்கல்’ என்று ஒரு டேபிள்: விசிட், படுக்கை, நேர வரம்பு. ஒரே படுக்கையில் இரண்டு வரம்பு மோதாமல் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (மோதும் பதிவை ஏற்க மறுக்கும் கட்டுப்பாடு) பார்த்துக்கொள்ளும். அதற்கு பிட்ரீ ஜிஸ்ட் (btree_gist) என்ற கூடுதல் தொகுப்பை முதலில் போட வேண்டும். வரம்பின் தொடக்கம் உள்ளேயும் முடிவு வெளியேயும் இருப்பதால், 11 மணிக்கு ஒருவர் இறங்கி 11 மணிக்கே அடுத்தவர் ஏறினாலும் மோதாது.

அதே கட்டுப்பாட்டை பேஷண்ட் மீது போட்டுவிடாதீர்கள். ஐசியூவில் ஒருவர் இருக்கும்போதே உறவினர்கள் தனி அறையையும் விடாமல் வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் வாடகை உண்டு, ஆனால் ராத்திரி கணக்கெடுப்பில் ஆள் ஒருவர்தான். ‘ஆள் இருக்கிறார்’, ‘பிடித்து வைத்தது’ என்று தங்கலுக்கே வகை வேண்டும். முந்தையவர் இறங்கியதைப் பதியாமல் விட்டால் புதியவரை ஏற்ற கன்ஸ்ட்ரெயின்ட் விடாது. அப்போது வார்டில் இல்லாத ஒரு படுக்கையை உருவாக்கி அதில் ஏற்றிவிடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய தங்கலை அதே ஸ்கிரீனில் முடிக்க வழி கொடுங்கள். நடந்த நேரம் ஒரு காலம், பதிந்த நேரம் இன்னொரு காலம். இரண்டையும் ஒன்றாக்கினால் வாடகைக் கணக்கில் சண்டை நிச்சயம்.

விலையும் வரியும் ‘எந்தத் தேதி முதல்’ என்ற காலத்தோடு இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5000 ரூபாய்க்கு மேற்பட்ட அறை வாடகைக்கு, ஐசியூ தவிர, 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஒரே அட்மிஷன் நீண்டிருந்தால் பில்லில் இரண்டு விதியும் வரும். பில் வரியில் அன்றைய விலையை நகலெடுத்து வையுங்கள், விலைப் பட்டியல் டேபிளைப் பார்த்துத் திரும்பக் கணக்கிடக் கூடாது.

பில் எண்ணுக்கு, டேட்டாபேஸ் தானாக அடுத்த எண் தரும் சீக்வென்ஸ் உதவாது. டிரான்சாக்ஷன் பாதியில் ரத்தாகி ரோல்பேக் ஆனால் எண் பறந்துவிடும், ஜிஎஸ்டி விதியோ 16 எழுத்துக்கு மிகாத தொடர்ச்சியான எண் கேட்கிறது. கடைசி எண்ணை வைத்திருக்கும் ‘எண்ணி’ டேபிளில் ஒரு வரிசையைப் பூட்டி, பில்லை இறுதி செய்யும் அதே டிரான்சாக்ஷனில் எண்ணை எடுத்தோம். வரைவு பில்லுக்கு எண்ணே கிடையாது. ரத்து என்றால் ரத்து வரிசை ஒன்று சேரும், டெலீட் இல்லை.

லேபில் ஆர்டர், சாம்பிள், ரிசல்ட் மூன்றும் தனித்தனி டேபிள், ஒரே ஆர்டருக்கு இரண்டாம் முறை ரத்தம் எடுப்பது சகஜம். ரிசல்ட்டை எண்ணாக மட்டும் வைக்க முடியாது: ‘0.1க்குக் கீழ்’, ‘நெகட்டிவ்’ எல்லாம் வரும். எண் ஒரு காலம், எழுத்து ஒரு காலம், யூனிட், அன்றைய நார்மல் அளவு. சோதனை ரசாயனமான ரீஏஜென்ட் மாறினால் நார்மல் அளவும் மாறலாம், பழைய ரிப்போர்ட் மாறக் கூடாது. திருத்தம் புது வரிசையாக வரும், பழையது ‘திருத்தப்பட்டது’ என்று நிற்கும்.

பார்மசியில் இரண்டே பேச்சு: ஸ்டாக்கை மாத்திரைக் கணக்கில் வையுங்கள், ஸ்ட்ரிப் கணக்கில் வேண்டாம். காலாவதி, எம்ஆர்பி இரண்டும் பேட்சோடு போகட்டும்.

யார் எதைத் திறந்தார், மாற்றினார் என்ற ஆடிட் டேபிளில் அப்ளிகேஷன் யூசருக்கு இன்சர்ட் (புதிதாகச் சேர்க்கும்) உரிமை மட்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்கவும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவும் 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதிமுறை சொல்கிறது. போலீஸ், கோர்ட் சம்பந்தப்படும் எம்எல்சி கேஸுக்குத் தனிக் கொடி வேண்டும், வழக்கு முடியும்வரை எந்த ஆர்க்கைவ் ஸ்கிரிப்ட்டும் அதைத் தொடக் கூடாது.

சர்வர் நின்றாலும் கேஷுவால்டி நிற்காது. பேஷண்ட் எண்ணில் ஒரு தொகுதியை சிஸ்டம் தொடாதபடி ஒதுக்கி, அட்மிஷன் படிவங்களில் முன்கூட்டியே அச்சடித்து கவுண்டரில் வையுங்கள். சர்வர் எழுந்ததும் அதே எண்ணில், நடந்த நேரத்தோடு ஏற்றினால் போதும்.