பத்துக்கு எட்டு போட்டவரிடம் என்ன கேட்பது?

வண்டியை சர்வீஸுக்கு விட்டு எடுத்த எல்லோருக்கும் இது பழக்கப்பட்ட வசனம்தான்: "அண்ணே, ரெண்டு நாள்ல கம்பெனியில இருந்து போன் வரும், பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்கண்ணே." திருச்சியில் ஒரு டூவீலர் டீலர்ஷிப்பில் சர்வீஸ் அட்வைசராகச் சேர்ந்து, அப்புறம் வாடிக்கையாளர் தொடர்பு வேலைக்கு மாறிய வருடங்களில் நாள் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். சொல்லும் பையன்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை, ஏனென்றால் அந்த மார்க்கை வைத்துத்தான் அவர்களுக்கு இன்சென்டிவ். ஆனால் கெஞ்சி வாங்கிய பத்தில் தொழிலுக்குப் பயன்படும் தகவல் ஒன்றுகூட இருக்காது.

இந்த மார்க் முறைக்குப் பெயர் நெட் புரொமோட்டர் ஸ்கோர். ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்பவர் 2003இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிப் பிரபலமாக்கியது. எங்களைத் தெரிந்தவர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா என்று கேட்டு 0 முதல் 10 வரை மார்க் போடச் சொல்வார்கள்; 9, 10 போட்டவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும்; 7, 8 போட்டவர்கள் எந்தப் பக்கமும் சேரமாட்டார்கள். அதாவது வந்த எல்லோருமே எட்டு போட்டால் ஸ்கோர் பூஜ்யம். நம் ஊரில் எட்டு என்பது மனசார போடும் மார்க். தமிழ்த் தாளில் நூற்றுக்கு எண்பது வாங்கியவனை ஊரே பாராட்டிய காலத்தில் படித்தவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க, எட்டு போட்டுக்குங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு போனை வைப்பார்கள், இங்கே ஒரு அட்வைசரின் மாத ஸ்கோர் இலக்குக்குக் கீழே போய்விடும்.

சரி, உண்மையான கருத்து எங்கேதான் கிடைக்கும் என்றால், என் அனுபவத்தில் அது வண்டியை விடும்போதே கிடைத்துவிடுகிறது. காந்தி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் மூட்டை ஏற்றிப் போகிற ஒருவர் வந்து, "தம்பி, பாரம் ஏத்திக்கிட்டுப் பாலம் ஏறுறப்ப மட்டும் கீழ கடகடன்னு ஒரு சத்தம் வருது, வெறும் வண்டியில வரல" என்று சொல்வார். எவ்வளவு துல்லியம் பாருங்கள்! அதை நாம் ஜாப் கார்டில், அதாவது வண்டியில் செய்யவேண்டிய வேலையைக் குறித்து மெக்கானிக்கிடம் கொடுக்கும் அட்டையில், என்ன எழுதுவோம்? 'ஜெனரல் சர்வீஸ், நாய்ஸ் செக்.' மெக்கானிக் வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார், சத்தம் வராது, செயினை டைட் செய்து எண்ணெய் விட்டுக் கொடுத்துவிடுவார். மறுவாரமே அதே வண்டி, அதே சத்தம்.

அதனால் வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே, தமிழிலேயே ஜாப் கார்டில் எழுத வேண்டும் என்று கொண்டுவந்தோம். முதலில் முணுமுணுப்பு இருந்தது, காலை எட்டரை மணிக் கூட்டத்தில் யார் இவ்வளவு எழுதிக்கொண்டிருப்பது என்று. நியாயமான கேள்விதான். ஆனால் இதில் எங்களுக்கு முழு ஆதரவு கொடுத்தவர்கள் மெக்கானிக்குகள், அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. 'பாரம் ஏற்றினால் மட்டும்' என்று கார்டில் இருந்தால் அவர்கள் பின்னால் ஒரு ஆளை உட்கார வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். தேடுகிற நேரம் மிச்சம். அதே புகாருக்குத் திரும்பி வருகிற வண்டிகள் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தன. வேலை முடிந்ததும் அந்த வரிக்கு நேராக என்ன பார்த்தோம், என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதி, டெலிவரியில் அதைப் படித்துக் காட்டி, கழற்றிய பழைய பாகத்தையும் கையில் கொடுத்தால், பில்லைப் பற்றிய சண்டையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம், யாருக்கு போன் போகிறது என்பது. ஸ்கூட்டரை தினமும் ஓட்டுவது மனைவி, பதிவில் இருப்பது கணவர் எண். போன் அவருக்குப் போகும், அவர் ஆபீஸில் இருந்துகொண்டு "ஆங், நல்லா இருக்கு" என்பார். ஓட்டுகிறவரிடம் அந்தக் கேள்வி போய்ச் சேரவே சேராது. வண்டி ஓட்டுபவர் எண் என்று தனியாக ஒன்று வாங்கி அதில் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான், பிரேக் லீவரை எட்டிப் பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது, வாட்டர் வாஷுக்குப் பிறகு கண்ணாடி திரும்பியே கிடக்கிறது, சென்டர் ஸ்டாண்ட் போட முடியாத அளவுக்கு விறைப்பாக இருக்கிறது என்றெல்லாம் வந்தது. நம் மெக்கானிக் தன் கைக்கும் தன் பலத்துக்கும் சரிபார்த்து விடுகிறார். ஓட்டுகிறவர் கை சிறியது. டெலிவரியின்போது அவரையே உட்கார வைத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய சமாச்சாரம் இது. இதைக் கேட்காமல் விட்டது எனக்கு இன்றும் மனதுக்கு உறுத்தலான ஒன்று, எங்கள் கடை என்றில்லை, இந்தத் தொழில் முழுக்கவே அப்படித்தான் நடக்கிறது.

புகார் சொல்கிறவர் இன்னும் நம்மை நம்புகிறார். கடைசி இலவச சர்வீஸ் முடிந்ததும் சத்தமில்லாமல் காணாமல் போகிறவர்தான் பெரிய இழப்பு, அவரை எந்த ஸ்கோரும் பிடிக்காது. அப்படிப் போனவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஆஃபர் எதையும் பேசாமல், "இப்ப வண்டிய எங்க விடுறீங்க, அங்க என்ன பிடிச்சிருக்கு" என்று மட்டும் கேட்டுப் பார்த்தோம். விலை என்று சொல்வார்கள் என நினைத்தேன். சிலர் சொன்னார்கள்தான். ஆனால் முசிறி பக்கத்திலிருந்தும் லால்குடி பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வந்த பதில் வேறு: "அங்க மெக்கானிக்கிட்டயே பேசலாம் தம்பி, பக்கத்துல நின்னு பாக்கலாம்." ஷோரூமில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை நடக்கிறது, இந்தப் பக்கம் அவர் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏசியும் காபியும் கொடுத்து நாம் பெருமைப்பட்ட இடம்தான் அவரை விரட்டியிருக்கிறது.

டெலிவரியில் மெக்கானிக்கே வந்து இரண்டு நிமிடம் பேசட்டும் என்று கேட்டேன். நிர்வாகத்துக்குப் பயம், பழகிவிட்டால் வெளியே தனியாக வேலை செய்துகொடுப்பார்களே என்று. அந்தப் பயத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். கடைசியில் கூட்டம் குறைவான நாட்களில் மட்டும் அனுமதி கிடைத்தது, சனிக்கிழமை கிடையாது. வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவதோ சனிக்கிழமைதான். அதையும் திறந்துவிட வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.